ஒரு தீவு எத்தனை பயணிகளைத் தாங்கும்? லட்சத்தீவின் முன்னுள்ள கேள்வியும் உலகத் தீவுகளின் அனுபவமும்

கேரளக் கரையிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில், அரபிக் கடலில் சிதறிக் கிடக்கும் லட்சத்தீவு, நாட்டின் மிகச் சிறிய யூனியன் பிரதேசமாகும். அதன் 36 தீவுகளின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. மக்கள் நிரந்தரமாக வசிக்கும் 10 தீவுகளில், 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 64 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். அதாவது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2 ஆயிரம் பேர் என்ற அளவில் இத்தீவுகள் ஏற்கெனவே நெரிசலானவை.

2024 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி லட்சத்தீவுக்குச் சென்று, அங்கு எடுத்த புகைப்படங்களைச் சமூக வலைதளங்களில் பகிர்ந்தார். அதைத் தொடர்ந்து இத்தீவுகள் குறித்த இணையத் தேடல் பன்மடங்கு உயர்ந்தது. விமான நிலைய விரிவாக்கம், சொகுசு விடுதிகள், உல்லாசக் கப்பல்கள் எனப் பல திட்டங்கள் பேசப்படுகின்றன. சுற்றுலா வருவாய் தீவுகளுக்குத் தேவை என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. எத்தனை பயணிகள், எந்தத் தீவுக்கு, எந்த நிபந்தனைகளுடன் வரலாம் என்பதே விவாதப் பொருளாக உள்ளது. இந்தக் கேள்வியைச் சிறு தீவுகள் எவ்வாறு கையாள்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தாங்குதிறன் என்றால் என்ன?

ஓர் இடத்தின் இயற்கை வளத்துக்கும், அங்கு வாழும் மக்களின் அன்றாட வாழ்வுக்கும் மீளாத சேதம் நேராமல், ஒரே நேரத்தில் எத்தனை பயணிகள் அங்கு இருக்கலாம் என்ற அளவையே சுற்றுலாத் திட்டமிடலில் தாங்குதிறன் என்கின்றனர். இது பொதுவாக மூன்று படிகளில் கணக்கிடப்படுகிறது. முதலாவது, இடத்தின் பரப்பு அனுமதிக்கும் எண்ணிக்கை. இரண்டாவது, பருவமழை, அலைச் சீற்றம், ஆமைகள் முட்டையிடும் காலம் போன்ற காரணங்களால் அதிலிருந்து கழிக்க வேண்டிய அளவு. மூன்றாவது, அங்குள்ள பணியாளர்கள், கழிவு அகற்றும் வசதி, மருத்துவம், மீட்புப் படகுகள் ஆகியவற்றைக் கொண்டு உண்மையில் சமாளிக்கக்கூடிய எண்ணிக்கை.

மூன்றில் எது மிகக் குறைவோ அதுவே அத்தீவின் வரம்பு. கடற்கரை நீளமாக இருக்கலாம். விடுதியில் அறைகளும் இருக்கலாம். ஆனால் குடிநீர் போதாதெனில், அந்தக் குடிநீரே எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்.

முதல் வரம்பு: குடிநீர்

லட்சத்தீவில் ஆறுகளோ, ஏரிகளோ கிடையாது. பெய்யும் மழை பவள மணலில் ஊறி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் இருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கோட்பாடு. இதன் மறுபக்கமும் முக்கியமானது. மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டம் 1 சென்டிமீட்டர் குறைந்தால், கீழிருந்து உப்புநீர் 40 சென்டிமீட்டர் வரை மேலேறக்கூடும். அளவுக்கு மீறி இறைக்கப்படும் கிணறு உப்பாகி விடுவது இதனால்தான்.

இந்தக் குறையைப் போக்க, சென்னையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005 இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைத்தது. வெதுவெதுப்பான மேற்பரப்புக் கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலிலிருந்து குழாய் வழியே கொண்டுவரப்படும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீர் பெறும் முறை இது. அதன் உற்பத்தித் திறன் நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர். 2011 இல் மினிக்காய், அகத்தி தீவுகளிலும் இத்தகைய நிலையங்கள் தொடங்கப்பட்டன.

1 லட்சம் லிட்டர் என்பது எவ்வளவு? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1,500 பேர் வசிக்கும் ஒரு தீவுக்கு இந்த ஒரு நிலையம் மட்டுமே நீராதாரம் என்று வைத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டம் ஊரகப் பகுதிகளுக்கு நிர்ணயித்துள்ள அளவு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதன்படி உள்ளூர் மக்களுக்கு 82,500 லிட்டர் தேவை. எஞ்சுவது 17,500 லிட்டர். விடுதியில் தங்கும் பயணி ஒருவர், குளியல், துணி வெளுத்தல், சமையல் உட்பட 300 லிட்டர் பயன்படுத்துவதாகக் கொண்டால், அத்தீவு தாங்கக்கூடிய பயணிகள் 58 பேர் மட்டுமே. 59 ஆவது பயணிக்கான நீர், உள்ளூர்வாசிகளின் பங்கிலிருந்தே எடுக்கப்படும்.

கூடுதல் நிலையம் அமைக்கலாம். ஆனால் அதை இயக்க மின்சாரம் வேண்டும். லட்சத்தீவின் மின் உற்பத்தி பெருமளவு டீசலையே நம்பியுள்ளது. அந்த டீசலும் பெருநிலத்திலிருந்து கப்பலில்தான் வந்து சேர வேண்டும்.

இரண்டாவது வரம்பு: கழிவு

பவள மணல் நீரை எளிதில் உட்புகவிடும் தன்மை கொண்டது. எனவே கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கசியும் நீர், அதே நிலத்தடி நன்னீர்ப் படலத்தையே சென்றடைகிறது. ஒரே மனையில் கிணறும் கழிப்பறையும் அருகருகே அமைய நேரும் சிறு தீவுகளில் இது நேரடியான சுகாதாரச் சிக்கல். அங்கிருந்து கடற்காயலுக்குள் வடியும் சத்துகள் பாசியைச் செழிக்கச் செய்கின்றன. பாசி படர்ந்த பாறையில் புதிய பவளங்கள் ஒட்டி வளர்வது கடினமாகிறது.

திடக்கழிவின் நிலையும் இதுவே. தீவுக்குள் வரும் தண்ணீர்ப் புட்டியைப் புதைக்க இடமில்லை. எரித்தால் புகை ஊருக்குள்தான் பரவும். திருப்பி அனுப்பக் கப்பலில் இடம் வேண்டும். அண்டை நாடான மாலத்தீவு, 1990களின் தொடக்கத்தில் திலாஃபுஷி என்ற கடற்காயல் பகுதியைக் குப்பையால் நிரப்பத் தொடங்கியது. தலைநகர் மாலேயும் சுற்றியுள்ள விடுதிகளும் அனுப்பிய கழிவுகளால் அது ஒரு தீவாகவே உருவெடுத்தது. அங்கிருந்து எழுந்த புகை பல ஆண்டுகள் மாலே மக்களைத் துன்புறுத்தியது.

மூன்றாவது வரம்பு: பவளப்பாறை

லட்சத்தீவின் நிலமே பவளத்தால் ஆனது. கடற்கரை மணலும் பவளத் துகள்கள், சிப்பிகள், பாறையைக் கொறித்து மணலாக்கும் கிளிமீன்கள் ஆகியவற்றின் கொடை. புயல் அலையின் வேகத்தை முதலில் தணிப்பதும் இந்தப் பாறைகளே. மண் அரிப்பு என்பது இங்கு ஏட்டளவிலான அச்சம் அன்று. பங்காரம் தீவைச் சேர்ந்த பவளத் தீவுத் தொகுதியில் இருந்த, மக்கள் வசிக்காத பரளி-1 என்ற சிறு தீவு முழுவதுமாக அரித்துச் செல்லப்பட்டு விட்டதை 2017 இல் வெளியான ஆய்வு ஒன்று உறுதிப்படுத்தியது.

கடல்நீர் வெப்பம் உயரும்போது பவளங்கள் தம்முள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளிறுகின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவு இத்தகைய பெரும் வெளிறுதலைச் சந்தித்தது. 2024 கோடையில் மீண்டும் கடுமையான வெளிறுதல் ஏற்பட்டதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்தது. அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் 24 ஆண்டுகள் மேற்கொண்ட கண்காணிப்பின்படி, 1998 இல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, 2022 இல் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியுள்ளது. வெளிறுதல் இன்றிச் சுமார் 6 ஆண்டுகள் இடைவெளி கிடைத்த பிறகே மீட்சி வேகம் பெறுகிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

வெப்ப உயர்வுக்குத் தீவுச் சுற்றுலா காரணமன்று. ஆனால் நோயிலிருந்து தேறிவரும் பவளத்தின் மீது நங்கூரம் விழுவதும், படகுத்துறைக்காக ஆழப்படுத்தும்போது எழும் சேறு படிவதும், கழிவுநீர் கலப்பதும் அந்த மீட்சியைத் தாமதப்படுத்தும். வெப்பத்தைத் தீவு நிர்வாகத்தால் கட்டுப்படுத்த இயலாது. மற்ற மூன்றையும் இயலும்.

இதில் மீனவர்களின் வாழ்வாதாரமும் அடங்கியுள்ளது. லட்சத்தீவு மீனவர்கள் வலை வீசாமல், கழியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சூரை மீன் பிடிப்பவர்கள். சூரைக் கூட்டத்தை ஈர்க்க உயிருள்ள சிறு இரைமீன்களைக் கடலில் தூவுவார்கள். அந்த இரைமீன்கள் கடற்காயலிலும் பவளப்பாறைகளை ஒட்டியும் வாழ்பவை. காயல் கெட்டால் இரைமீன் குறையும். இரைமீன் குறைந்தால் சூரைப் பிடிப்பும், தமிழகச் சமையலறைகளிலும் அறியப்பட்ட மாசிக் கருவாட்டுத் தொழிலும் பாதிக்கப்படும். நீர்மேல் குடில் கட்டப்படும் காயலும், இரைமீன் பிடிக்கப்படும் காயலும் ஒன்றே என்பதால்தான் விடுதித் திட்டங்களை மீனவர்கள் உன்னிப்பாகக் கவனிக்கின்றனர்.

இதுவரை வரம்பாக இருந்தவை

லட்சத்தீவில் கட்டுப்பாடுகள் புதியவை அல்ல. தீவுவாசி அல்லாத எவரும் உள்ளே நுழையவும் தங்கவும் 1967 ஆம் ஆண்டு விதிகளின்படி முன்அனுமதி பெற வேண்டும். வெளிநாட்டினர் குறிப்பிட்ட சில தீவுகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்படுகின்றனர். பங்காரம் தீவைத் தவிர மற்ற இடங்களில் மதுவுக்குத் தடை உள்ளது. மக்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பழங்குடியினர் பட்டியலில் இருப்பதால், நிலம் வெளியார் கைக்கு மாறுவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

இவற்றைவிட வலுவான வரம்பாக இருந்தது போக்குவரத்து. கொச்சியிலிருந்து கப்பல் பயணத்துக்கு 14 முதல் 18 மணி நேரம் ஆகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். 1988 இல் தொடங்கப்பட்ட அகத்தி விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமே உடையதால், சிறிய விமானங்கள் மட்டுமே அங்கு இறங்க முடிகிறது. கப்பலில் எத்தனை படுக்கை, விமானத்தில் எத்தனை இருக்கை என்பதே எழுதப்படாத உச்சவரம்பாகச் செயல்பட்டு வந்தது. ஓடுபாதை நீண்டு, உல்லாசக் கப்பல்களின் வருகை பெருகினால் அந்த இயல்பான தடை நீங்கும். அப்போது, எழுதப்பட்ட வரம்பு ஒன்று தேவைப்படும்.

அதற்கான சட்ட அடித்தளம் உள்ளது. 2011 ஆம் ஆண்டின் தீவுப் பாதுகாப்பு மண்டல அறிவிக்கை, லட்சத்தீவின் ஒவ்வொரு தீவுக்கும் ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்றது. கடற்கரை விடுதி ஒன்று தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் தலைமையில் நிபுணர் குழுவை அமைத்து, இத்திட்டங்களை ஆராயப் பணித்தது. வளர்ச்சிப் பணிகள் அத்திட்டங்களுக்கு உட்பட்டே அமைய வேண்டும் என்ற நிலை அதன் வழியே உருவானது.

மறுபுறம், 2017 இல் அமைக்கப்பட்ட தீவு மேம்பாட்டு முகமையின் மேற்பார்வையில் நிதி ஆயோக் விடுதித் திட்டங்களை வகுத்தது. சுஹேலி, கட்மத் தீவுகளில் தலா 110 அறைகள் கொண்ட இரு விடுதிகளை அமைக்கவிருப்பதாக இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. கரையோரக் குடில்களுடன் நீர்மேல் குடில்களும் இவற்றில் அடங்கும். இதற்கு முன்பு, 2021 இல் வெளியிடப்பட்ட லட்சத்தீவு மேம்பாட்டு ஆணைய வரைவு விதிமுறை, நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை விரிவாக்குகிறது எனக் கூறித் தீவு மக்கள் போராட்டம் நடத்தினர்.

பிற தீவுகள் என்ன செய்தன?

பிலிப்பைன்ஸின் போராகாய், சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. 2017 இல் ஏறத்தாழ 20 லட்சம் பயணிகள் அங்கு வந்தனர். சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் கடலில் கலந்ததால், 2018 ஏப்ரல் 26 முதல் 6 மாதங்களுக்கு அந்நாட்டு அரசு தீவையே மூடியது. அதன்பின் ஒரே நேரத்தில் 19,215 பயணிகள், நாளொன்றுக்கு 6,405 புதிய வருகைகள் என வரம்பு விதிக்கப்பட்டது. 50 அறைகளுக்கு மேற்பட்ட விடுதிகள் சொந்தமாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பது கட்டாயமானது. ஆயினும் 2022 ஏப்ரலில் புனித வார விடுமுறையின்போது அந்த வரம்பு மீறப்பட்டது. எண்ணை அறிவிப்பது எளிது, படகு ஏறும் துறையிலேயே எண்ணி நிறுத்துவதே கடினம் என்பதை அது காட்டியது. மூடப்பட்ட 6 மாதங்களில் வேலையிழந்தவர்கள், தீவைக் கெடுத்த பெருவிடுதிகளின் உரிமையாளர்களைவிட, அங்கு பணிபுரிந்த எளிய தொழிலாளர்களே என்பதும் குறிப்பிடத்தக்கது.

தாய்லாந்தின் மாயா விரிகுடா, ஹாலிவுட் திரைப்படம் ஒன்றால் புகழ்பெற்று, நாளொன்றுக்கு 5 ஆயிரம் பேர் வரை குவிந்த இடம். 2018 ஜூனில் மூடப்பட்டு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இப்போது ஒரு சுற்றுக்கு 375 பேருக்கே அனுமதி. படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய இயலாது. தீவின் பின்புறத் துறையில் இறங்கி நடந்து வர வேண்டும். மூடப்பட்டிருந்த காலத்தில் கருமுனைச் சுறாக்கள் அந்த விரிகுடாவுக்குத் திரும்பின.

ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவு, சேதம் நேருமுன்பே வரம்பு விதித்தது. அங்கு ஒரே நேரத்தில் 400 பயணிகள் மட்டுமே தங்கலாம். தீவில் வசிப்போரின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே அளவுதான்.

கட்டணத்தைக் கருவியாகப் பயன்படுத்தும் நாடுகளும் உள்ளன. பசிபிக் தீவு நாடான பலாவ், 2018 முதல் பயணிகளிடம் 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் பெறுகிறது. தீவுக்குத் தீங்கு செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி அங்கு கடவுச்சீட்டிலேயே முத்திரையாகப் பதிக்கப்படுகிறது. பயணி அதில் கையொப்பமிட வேண்டும். பவளங்களுக்குக் கேடான வேதிப்பொருள்கள் கொண்ட வெயில் தடுப்புக் களிம்புகளுக்கு 2020 முதல் அங்கு தடை உள்ளது. ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் 1 முதல் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தப்பட்டது. மாலத்தீவில் ஓர் இரவுக்கு 6 டாலராக இருந்த விடுதிப் பசுமை வரி, 2025 ஜனவரி முதல் 12 டாலராக்கப்பட்டது.

மாலத்தீவை அப்படியே பின்பற்ற முடியுமா?

லட்சத்தீவு பற்றிய பேச்சில் மாலத்தீவு அடிக்கடி ஒப்பிடப்படுகிறது. அங்கு சுமார் 1,200 தீவுகள் உள்ளன. மக்கள் வசிப்பவை 200க்கும் குறைவு. ஆளில்லாத் தீவு ஒன்றை ஒரே விடுதிக்கு ஒதுக்குவது 1972 இல் தொடங்கிய அந்நாட்டுச் சுற்றுலாவின் அடிப்படை. லட்சத்தீவில் அத்தகைய ஆளில்லாத் தீவுகள் சிலவே. அவற்றிலும் பல மிகச் சிறியவை. அவை தென்னந்தோப்புகளாகவும் மீனவர்களின் பருவகாலத் தங்குமிடங்களாகவும் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளன.

மாலத்தீவின் மற்றோர் அனுபவம் இங்கு அதிகம் பொருந்தக்கூடும். தனித்தீவு விடுதிகளின் வருவாயில் பெரும்பங்கு வெளிநாட்டு நிறுவனங்களுக்கும், இறக்குமதி செய்யப்படும் உணவுக்கும் சென்றது. மக்கள் வசிக்கும் தீவுகளில் உள்ளூர்வாசிகள் விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009க்குப் பிறகு வழி திறக்கப்பட்டதும், சிறு முதலீட்டாளர்களுக்கும் வருவாய் கிடைத்தது. அதேசமயம், அத்தீவுகளின் குப்பையும் நீர்த் தேவையும் கூடின. வருவாய் உள்ளூரில் தங்குவதும் கழிவு உள்ளூரில் தங்குவதும் சேர்ந்தே நிகழ்ந்தன.

கவனிக்க வேண்டியவை

இந்த அனுபவங்களிலிருந்து, எந்தத் தீவுத் திட்டத்தையும் மதிப்பிடச் சில கேள்விகளைத் தொகுக்கலாம். ஒரே நேரத்தில் தங்கக்கூடிய உச்ச எண்ணிக்கை தீவுவாரியாக வெளியிடப்பட்டுள்ளதா? அதில் ஒருநாள் வந்து செல்லும் உல்லாசக் கப்பல் பயணிகளும், விடுதிகளில் பணிபுரிய வெளியிலிருந்து வரும் தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டுள்ளனரா? குடிநீர், சுத்திகரிப்பு வசதிகள் விடுதி திறக்கப்படும் முன்பே இயங்குமா? வசூலாகும் கட்டணம் அந்தத் தீவுக்கே செலவிடப்படுமா? பவளங்கள் வெளிறும் ஆண்டில் எண்ணிக்கையைக் குறைக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது? இவற்றைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் தீவுப் பஞ்சாயத்துக்கும் மீனவர்களுக்கும் இடமுண்டா?

பயணிகளுக்கும் பொறுப்பு உண்டு. கல் பவளங்கள், 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டவை. கரையில் கிடக்கும் துண்டாயினும் எடுத்து வருவது கூடாது. ஆழம் குறைந்த காயலில் பவளத்தின் மீது நிற்பதைத் தவிர்க்க வேண்டும். நெகிழிப் புட்டிகள், மின்கலங்கள் போன்றவற்றைத் திரும்பக் கொண்டுவருவது தீவுக்குச் செய்யும் நேரடி உதவி. தீவுகளின் சமய, சமூக வழக்கங்களுக்கேற்ற உடை, நடத்தை ஆகியவற்றையும் நிர்வாகம் எதிர்பார்க்கிறது.

லட்சத்தீவின் மினிக்காய் துண்டி, கட்மத் கடற்கரைகள் 2022 இல் தூய்மைக்கான சர்வதேச நீலக்கொடிச் சான்றிதழைப் பெற்றன. போராகாயும் மாயா விரிகுடாவும் சேதமடைந்த பிறகு மூடப்பட்டு, பின்னர் எண்ணிக்கையை வரையறுத்தன. லட்சத்தீவில் காயல் இன்னும் தெளிவாக உள்ளது. கிணறுகள் பயன்பாட்டில் உள்ளன. வரம்பை முதலில் வகுத்து, அதன்பின் அறைகளைக் கட்டும் வாய்ப்பு இத்தீவுகளுக்கு இப்போதும் உள்ளது.